நாற்பத்தைந்து எண்ணும் வரை

அந்தச் சாம்பல் நிறக் கட்டத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு. நினைவிலிருந்து சொல்லவில்லை, நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். கணினித் திரையில் படம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். அதன் நடுவில், குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டை மாதிரி ஒரு சின்னப் பொம்மை, உதட்டைக் கீழே வளைத்துக்கொண்டு. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: வீடியோவை ஓட்டும் துணைநிரல் செயலிழந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஜீப்பு அண்ணன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த உதட்டை மட்டும் படித்தார். பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வாரம் அந்தக் கட்டம் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது போடியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு கணினிகள். கீழே பெண்கள் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். கீபோர்டில்கூட அந்த வாசனை ஏறியிருக்கும். வருகிறவர்களின் பெயரும் நேரமும் எழுத ஒரு பதிவேடு இருந்தது. அது போதாதென்று கணினிகளுக்கெனத் தனியாக ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தேன். எந்தக் கணினியில் எந்த நாளில் என்ன மாற்றினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒன்றில் புதிது, மற்றொன்றில் பழையது என்றிருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஜீப்பு அண்ணன் விடிவதற்கு முன் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு வழியாக மேலே போவார். மாலையில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எங்கள் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்திக் கண்ணாடி துடைப்பார். அவருடைய மகளை ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தாய் இல்லாத பெண். கல்லூரி முடித்ததும், மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விட்டாள். இரண்டு வருடமாக அவள் போன் செய்வதும், இவர் வைத்துவிடுவதுமாக இருந்தது. 'அப்பா' என்ற ஒரு சொல்லுக்கு மேல் கேட்டதே இல்லை என்று அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் சென்டரின் மின்னஞ்சலுக்கு அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அப்பா குரலைக் கேட்டால் போனை வைத்துவிடுகிறார், முகத்தைப் பார்த்தால் வைக்க மாட்டார். தனக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டி வந்து உங்கள் கேமரா முன்னால் உட்கார வையுங்கள் அண்ணே, என்று எழுதியிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். முதல் வாரம் அவர் கேட்காதது போலக் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் வாரம் துடைத்து முடித்துத் துணியை உதறிவிட்டு, "ஒரு தடவதான் வருவேன் தம்பி. அப்பறம் இந்தச் சோலிக்கு என்னயக் கூப்பிடக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை, முகம் மழித்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். கேமரா இருந்தது நான்காம் எண் கணினியில் மட்டும். அழைப்பு போனது. அவள் எடுத்தாள். திரையில் ஒரு மஞ்சள் திரைச்சீலையின் ஓரமும், யாருடைய தோளோ பாதியும் தெரிந்து, அப்படியே நின்றது. ஜீப்பு அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அப்போதுதான் அந்தச் சாம்பல் கட்டம் வந்தது. மறுபடி ஐந்து நாற்பத்தேழுக்குப் போட்டேன். அதே திரைச்சீலை, அதே தோள், அதே கட்டம். மூன்றாவது ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு.

"விடு தம்பி. கட் பண்றா" என்றார். நான் லைன் சரியில்லை என்றேன். மேலே மழை, கேபிளில் ஏதாவது இருக்கும் என்றேன். அவர் எழுந்து சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். "லைனா இருந்தா மூணு தடவையும் ஒரே எடத்துலயா அறுகும்? நான் எத்தனையோ தடவ பண்ணுனேன். திருப்பித் தர்றா. நாயந்தான்." படியில் இறங்கிப் போனார். அன்று கண்ணாடி துடைக்கவில்லை.

மூன்று தடவையும் ஒரே இடத்தில். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாட்குறிப்பைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தே பதில் சொன்னது. அன்றுதான் ஆறு கணினிகளிலும் பிரவுசரைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். பழையதில் வீடியோ திணறினால் பிரவுசர் மொத்தமும் உறைந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அரை நிமிடத்தில் தானே உயிர் வரும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. துணைநிரல் பதில் சொல்லாமல் நின்றால், பத்து நொடி பார்த்துவிட்டு அதை மட்டும் மூடிவிடும், பிரவுசர் பிழைத்துக்கொள்ளும். 'பத்து நொடி' என்று எழுதி, பக்கத்தில் 'நல்ல ஏற்பாடு' என்றும் எழுதியிருந்தேன். எங்கள் பழைய கணினிகளில் கேமரா படம் சீராவதற்கே இருபது நொடி ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான்காம் எண்ணில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அதை மாற்றாமல் விட்டிருக்கலாம். ஆறும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே!

சனிக்கிழமை காலை ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் வந்தார். கிணற்றில் தண்ணீர் இல்லாததால், வாரம் ஒருமுறை வந்து கணினி விளையாட்டில் தக்காளி போட்டுவிட்டுப் போகிறவர். அறுவடை செய்யும் நேரத்தில் அவர் திரையிலும் சாம்பல் கட்டம். "தம்பி, இங்கயும் என் வெள்ளாமை போச்சு" என்றார். மறுபடி திறக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். படம் நின்றதிலிருந்து சரியாகப் பத்து நொடி. அதே காலையில்தான் அண்ணன் மகளின் கடிதமும் வந்திருந்தது. "அப்பா மூணு தடவையும் கட் பண்ணிட்டாரு அண்ணே. பரவாயில்ல. இனிமே தொந்தரவு பண்ணல." இரண்டு பக்கமும் அடுத்தவர்தான் அறுத்தார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று அறுத்தவன் நான்.

அன்று மதியமே பிரவுசருக்கு இன்னொரு அப்டேட் வந்தது. ஊர் உலகமெல்லாம் இதே புகார் போலிருக்கிறது. நாலே நாளில் திருத்தி அனுப்பிவிட்டார்கள். குறிப்பைப் படித்தேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. துணைநிரல் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைப் பத்திலிருந்து நாற்பத்தைந்து நொடியாக்கியிருந்தார்கள். ஒரே ஓர் எண். ஆறு கணினிகளிலும் ஏற்றி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. பிறகு அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். என் தவறு என்று எழுதினேன், அழித்தேன். லைன் கோளாறு என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சென்டர் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனிக் காற்று தெருவில் தகரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை போனபோது, பூட்டைப் பார்க்க வரவில்லை, ஜீப்பு வந்து நிற்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று புரிந்தது.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் ஜீப்பு புறப்படும் இடத்துக்குப் போய், முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு. அவர்களை வேலை வாங்கும் கங்காணி அக்கா என் தோளைத் தட்டி, "என்ன சாரு, கம்ப்யூட்டர் கடைய மூடிட்டுக் களை எடுக்க வர்றீகளா?" என்றார். "நோட்டக் கொண்டாந்திருக்காரா பாரு ஆத்தா, நம்ம பேரையும் எழுதிருவாரு" என்று இன்னொருத்தி. சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆனது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும்போதே தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வளைவு வந்தது.

ஆறாவது வளைவுக்கு மேல் மஞ்சு இறங்கி, எதிரே வருவது தெரியாதபடி மூடியிருந்தது. ஒன்பதாவது வளைவில் அண்ணன் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மேலேயிருந்து பதில் சத்தம் எதுவும் இல்லை. மறுபடி அடித்தார். இன்னும் இல்லை. அவர் அசையவில்லை. பழக்கதோஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாவது நொடியில் மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒரு லோடு லாரியின் மூக்கு வந்தது. எங்களை உரசுகிற மாதிரிக் கீழே இறங்கிப் போனது. அண்ணன் கியரைப் போட்டார். தினமும் செய்கிற வேலை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அண்ணே, அன்னைக்கு உங்க மக கட் பண்ணல" என்றேன். "என் மிஷினுதான் பண்ணுச்சு. அதுக்கு மூணு நாள் முன்னால நான் ஒரு மாத்தம் பண்ணுனேன். பத்து எண்ணுறதுக்குள்ள பதில் வரலைன்னா, செத்துப்போச்சுன்னு அதுவா மூடிரும். ஒரே எடத்துலயா அறுகும்னு கேட்டீகளே. அதான் அந்த எடம். அந்தப் பிள்ள, நீங்கதான் கட் பண்ணுனீகன்னு எழுதியிருக்கு."

அண்ணன் அடுத்த வளைவைத் திருப்பி முடித்தார். பின்னால் பெண்கள் முன்பக்கம் காது கொடுத்திருந்தார்கள்.

"பத்தா?"

"பத்துதான் அண்ணே. இப்ப நாப்பத்தஞ்சு ஆக்கிட்டாக."

"இந்த ரோட்டுல பத்து எண்ணிட்டுத் திருப்புனா நாம பூராப் பேரும் பள்ளத்துல கெடப்போம். எவன் எழுதுனான் அத?"

கங்காணி அக்கா பின்னாலிருந்து சொன்னார்: "மிஷினாச்சும் பத்து எண்ணுச்சு. நீங்க அந்தப் பிள்ள 'அப்பா'ன்னு சொல்லி முடிக்கவே விட்டதில்லையே, அண்ணே."

போடிமெட்டில் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்தியபோது அண்ணன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், கேரளா பக்கம் பார்த்து நின்றார். நான் கீழே இறங்கும் பஸ்சைத் தேடிப் புறப்பட்டேன். பாதி தூரம் நடந்த பிறகு அண்ணன் பின்னாலிருந்து கேட்டார். "வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு?"

போடி வந்து சேர்ந்ததும் அவளுக்கு உண்மையை எழுதினேன். இந்த முறை அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதே வெள்ளைச் சட்டை. ஐந்து முப்பத்தாறுக்கு அழைப்பு போனது. திரைச்சீலையின் ஓரம், தோள், பிறகு அதே உறைவு. அண்ணன் வாய்க்குள் எண்ணத் தொடங்கியது எனக்குக் கேட்டது. பத்து வந்ததும் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்ணுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் காற்றில் வைத்திருந்தார். பிறகு தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். ஏதாவது பட்டனில் பட்டுவிடும் என்ற பயம். ஸ்டியரிங்கோ துடைக்கும் துணியோ இல்லாமல் அந்தக் கைகள் சும்மா இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். முப்பத்தொன்றில் படம் அசைந்தது.

முதலில் வந்தது ஒரு குழந்தையின் உள்ளங்கால். கேமராவுக்கு மிகவும் நெருக்கமாக, திரை முழுக்க. பிறகுதான் அவள் முகம். அண்ணன், "அன்னைக்கு நான் கட் பண்ணல. இந்தத் தம்பி மிஷினு பண்ணுச்சு" என்று தாடையால் என்னைக் காட்டினார்.

"தெரியும், அண்ணன் எழுதுனாரு" என்றாள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். "அதுக்கு முன்னாடி பண்ணுனது?"

கீழே சலிக்கும் சத்தம் அப்போது நின்றிருந்தது. அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

"அது நாந்தான்" என்றார்.

நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பதிவேட்டில் அவர் எழுந்த நேரம் ஆறு ஐம்பது என்றிருக்கிறது.

பிறகு அவள் வருடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினாள். அந்தக் கதை எனக்கு முழுதாகத் தெரியாது. சென்டரும் இல்லை, எந்தப் பிரவுசரிலும் இப்போது அந்தத் துணைநிரல் இல்லை. இன்று எல்லாம் கைபேசியில், தொட்டவுடன். அதனால் நான் எதையும் எண்ணியே பல வருடம் ஆகிறது.

என் மகன் வடக்கே ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனிடம் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்பது நாட்குறிப்பில் இருக்கிறது, இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு முறை அவன் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்தேன். அவன் எடுத்தான். அவன் அறையின் சுவரும் காதின் ஓரமும் தெரிந்து, படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுழன்றது. கீழே சிவப்புப் பொத்தான். அழைப்பை முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விரல் தானாக அதை நோக்கிப் போனது. கைபேசியை மேசையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பத்தைத் தாண்டியது. முப்பத்தொன்றையும் தாண்டியது. வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. நான் கைகளை எடுக்கவில்லை.