மிளகைக் கடித்துப் பார்த்த புரோகிராம்

போன வாரம் அடுப்பில் மிளகு வறுத்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலை மிளகு. சட்டி சூடேறியதும் கிளம்புமே ஒரு நெடி, மூக்கு வழியாக நுழைந்து கண் வழியாகத் தண்ணீராக வெளியேறும், அது வீடு முழுக்க நிறைந்திருந்தது. பக்கத்து அறையில் என் மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சாஃப்ட்வேர் வேலை. தும்மிக்கொண்டே வெளியே வந்தவன், மிளகைத் திட்டுவான் என்று பார்த்தால் வேறு யாரையோ திட்டினான்.

"ஒரு ஆளு எழுதி வெச்சிருக்கான்மா, கையை ஒடிக்கணும். ஒரு எடத்துல தொட்டா ஒம்பது எடத்துல ஒடையுது."

"அப்ப அந்த ஆளை அனுப்பிட வேண்டியதுதானே?"

"எப்படிம்மா அனுப்பறது? அவன் எழுதினது அவனுக்கு மட்டும்தான் புரியும். அவன் போனா எல்லாமே நின்னுரும்."

நான் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். கண்ணில் வழிந்தது மிளகு நெடியால்தான் என்று அவன் நினைத்திருப்பான். என்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கல்யாணத்துக்கு முன்னால் காளப்பநாயக்கன்பட்டியில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அம்மா டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

டைப் அடித்தேனாம்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். உங்களிடம்தான் சொல்ல முடியும், கேளுங்கள்.

அந்த சென்டர் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியாவும் பூச்சிமருந்தும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அதே கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, பொட்டு வைத்து, மூஞ்சிக்கு நேரே சூடம் காட்டுவார்கள். புகை பட்டால் பரவாயில்லையாம். நடத்தியவர் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளிக் காடு, நிறைய வைத்திருந்த ஒருவர். காலையில் காட்டில் களை வெட்டும் ஆட்களை மேய்த்துவிட்டு, பதினோரு மணிக்கு எங்களை மேய்க்க வருவார். எங்களுக்கு அவர் 'சார்'.

புரோகிராம் எழுத இரண்டே பேர். ஒருவர் செல்வராஜ் அண்ணன், எனக்கு முன்னாலிருந்தே இருந்தவர். இன்னொருத்தி நான். என் அப்பா கட்டட வேலைக்காரர். திங்கட்கிழமை அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிக் கொல்லிமலைக்கு பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் சிமென்ட் ஒட்டிய கையோடு இறங்குவார். அந்த வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்கள் தெருவில் பெரிய சங்கதி. அப்பாவுக்கும் பெருமைதான். ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டார்:

"வேலை இருக்கற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க கண்ணு. வேலை இல்லீன்னா மாப்பிள்ளை பாத்தர்றதுதான்."

ஆக, நான் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் சம்பளத்தை அல்ல. அந்த நாற்காலியை.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை கரீம் பாயின் மண்டிக்கு பில் போடும் புரோகிராம். மலையிலிருந்து இறங்கும் மிளகு, காப்பி, பலா, வாழை எல்லாம் அவர் மண்டிக்கு வரும். எழுதுவதற்கு முன்னால் சில நாள் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அந்த மண்டியின் வாசனை இருக்கிறதே, ஒரு மூலையில் காரம், ஒரு மூலையில் பழுத்த பலாவின் தித்திப்பு, நடுவில் ஈரச்சாக்கு. இன்றைக்கும் பலாப்பழக் கடையைத் தாண்டினால் எனக்குக் கால் தானாக நிற்கும்.

மிளகு எடைக்கு. ஆனால் பாய் முதலில் ஒரு மிளகை எடுத்துப் பல்லில் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. மசிந்தால் ஈரம், எடையில் இவ்வளவு கழிவு என்று சொல்லிவிடுவார். பலா அப்போது எண்ணிக்கைக்கு. வாழை தார்க் கணக்கு. ஒன்றுக்கு இருக்கும் வழக்கம் இன்னொன்றுக்குக் கிடையாது.

ஒருநாள் மலைமேல் இருக்கும் பைல் நாட்டிலிருந்து ஒருவர் மிளகு கொண்டுவந்திருந்தார். பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், எவருக்கும் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் துண்டு விலகியது. முடிந்த விலையை மட்டும் பாய் வெளியே சொன்னார், கணக்கர் எழுதிக்கொண்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் என்று காலேஜில் ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன், ஒரு மண்ணும் புரிந்ததில்லை. இங்கே துண்டுக்குள் இருக்கிறதே அது! உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பது அந்த இருவர் பாடு. வெளியில் இருப்பவனுக்கு விலை தெரிந்தால் போதும்.

அப்படியே எழுதினேன். மிளகு ஒரு கிளாஸ், பலா ஒரு கிளாஸ், வாழை ஒரு கிளாஸ்; கிளாஸ் என்றால் தன் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பெட்டி மாதிரி. ஒவ்வொரு சரக்குக்கும் தன் விலையைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியும். பில் போடும் பகுதி "உன் விலை என்ன?" என்று கேட்கும், அவ்வளவுதான். நீ மிளகா பலாவா என்றுகூடக் கேட்காது. மிளகு மட்டும் தனக்குள்ளே ஈரக் கழிவைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்குக்கு நான் வைத்த பெயர் 'கடி'. யார் திறந்து படித்தாலும் புரிய வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அப்படிப் பெயர் வைத்தேன். எனக்கென்ன வேண்டுதலோ!

செல்வராஜ் அண்ணன் வழி வேறு. அவர் ஒரு ரைஸ் மில்லுக்கு எழுதிக்கொண்டிருந்தார். விலைக் கணக்கை பில்லில் ஒரு தடவை எழுதுவார். அதையே நகலெடுத்துத் தினக் கணக்கில் ஒட்டுவார், மாதக் கணக்கில் ஒட்டுவார். பெயரெல்லாம் ஏ, ஏஏ, ஏஏஏ. விலை வழக்கம் மாறினால் ஓர் இடத்தில் திருத்துவார், இன்னோர் இடத்தை மறந்துவிடுவார். பில் ஒன்று சொல்லும், மாதக் கணக்கு வேறொன்று சொல்லும். மில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறி வருவார். நல்ல மனிதர்தான் செல்வராஜ் அண்ணன். என் டிபன் பாக்ஸில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொள்வார். "ஏனுங்கண்ணா, ஒரே எடத்துல எழுதி வெச்சா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏம்புள்ள, எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சுட்டா அப்பறம் நம்மள யாரு தேடுவாங்க?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன்.

அடுத்த பலா சீசனில் பாய் ஆளனுப்பி என்னை மண்டிக்கு வரவழைத்தார். "இனிமே பலா எண்ணிக்கைக்கு இல்லை கண்ணு, எடைக்குத்தான். மாத்திரலாமா?" என்றார். பலா கிளாஸுக்குள் மட்டும் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை, தொட வேண்டியிருக்கவும் இல்லை. பாய் வாங்கிவரச் சொன்ன டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்று பாய் என்னையும் கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மெச்சுதல் இல்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இவளை மெனக்கெட்டு வரவழைத்தோம் என்பது போல இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டாயிரமாவது வருஷம் நெருங்கியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் வைத்திருந்த புரோகிராம்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. செல்வராஜ் அண்ணன் தேதியையும் அப்படித்தான் கண்ட இடத்தில் நகலெடுத்து ஒட்டியிருந்தார். மாதக்கணக்கில் தேடித் தேடித் திருத்தினார். தாடி விட்டார். கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சார் வரும்போதெல்லாம், "செல்வராஜு, மொதல்ல டீ குடிப்பா, உடம்பு என்னத்துக்காகும்?" என்று கீழே கடைக்கு ஆளனுப்புவார்.

என் புரோகிராமில் தேதிக்கென்று ஒரே ஒரு கிளாஸ். வருஷத்தை முழுசாகத்தான் வைத்திருந்தேன். திறந்து பார்த்தேன், சோதித்தேன், மூடினேன். அதோடு என் இரண்டாயிரம் முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாருக்கு அது பொறுக்கவில்லை. பாவம், அவருக்குத் தெரிந்த வேலை களை வெட்டுவது. குனிந்திருக்கிற ஆள் வேலை செய்கிறது, நிமிர்ந்திருக்கிற ஆள் கூலிக்கு ஏமாற்றுகிறது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அதுதான் அளவுகோல். என் அப்பாவே "வேர்க்காம ஒரு வேலையா கண்ணு?" என்று கேட்பவர்தான். ஒருநாள் சார் கூப்பிட்டார்.

"உன்ற புரோகிராமைத் தொறந்து பாத்தேன் கண்ணு. அடடா, என்னமா எழுதியிருக்கறே! படிச்சா எனக்கே புரியுது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை.

"எனக்கே புரியுதுன்னா பாத்துக்க. அப்பறம் அதுக்குன்னு எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

முதலில் விளங்கவில்லை. "சார்?" என்றேன்.

"செல்வராஜை அனுப்ப முடியுமா சொல்லு? அவன் எழுதினது சாமிக்கே புரியாது. உன்றது அப்படி இல்லை. கோளாறு ஏதாச்சும் வந்துதுன்னா கூப்பிடறேன், வந்து பாத்துக் குடு. பாய்கிட்டயும் சொல்லிப்போடறேன்."

சண்டை போட்டிருக்கலாம். "சரிங்க சார்" என்றுதான் வாய் சொன்னது. எங்கள் தெருவில் ஃபோன் இருந்தது மளிகைக் கடையில் மட்டும். அந்தக் கடை நம்பரை சாருக்கும் பாய்க்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். யூரியா வாசனை அன்றைக்கு இனித்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். எப்போதும்போல நாறியது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்: "கோளாறு வந்தாக் கூப்பிடுவாங்கப்பா. கண்டிப்பாக் கூப்பிடுவாங்க. எந்தப் புரோகிராமும் ஒடையாம இருக்காது."

"எத்தன நாளைக்குக் கண்ணு பாக்கறது? தை வரைக்கும் பாப்போம்" என்றார்.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மளிகைக் கடையில் ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். கடைக்காரர் "உனக்கில்லை சாமி" என்று கையை ஆட்டுவார். பெற்ற பிள்ளை நோவில் விழ வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? நான் வேண்டினேன். மலை இருக்கும் திசையைப் பார்த்து, அரப்பளீசுவரா, ஒரே ஒரு பில் தப்பாக வரட்டும், ஒரு மிளகு மூட்டையின் கழிவு கோணலாகப் போகட்டும் என்று கும்பிட்டேன். சாமிக்குக் காது கேட்கவில்லை. தை வந்தது. மாப்பிள்ளை வந்தார். ராசிபுரம் வந்தேன். ஒரு மெட்ரிக் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் கிளி வரைந்து பச்சை அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் கிளாஸ்தான், என்ன செய்ய!

செல்வராஜ் அண்ணன் அந்த நாற்காலியிலேயே சென்டர் மூடும்வரை இருந்துவிட்டு, பிறகு சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் மகன் கையை ஒடிக்க நினைக்கிற ஆள் அவராகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகக் காளப்பநாயக்கன்பட்டி போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே வந்தால் கரீம் பாய், கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏம்மா கண்ணு, நீ அந்தக் கம்ப்யூட்டர் புள்ளைதானே?"

"ஆமாங்க பாய். மண்டி எப்படிங்க போகுது?"

"மண்டியெல்லாம் மூடியாச்சு. இப்ப வெளியூர் லாரி நேரா மலைக்கே போயி சரக்கை ஏத்திக்குது, நம்மகிட்ட எவன் வாரான்? கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துட்டுப் போயிட்டான். ஆனா ஒண்ணு சொல்லோணும் சாமி. மூடற அன்னைக்கு வரைக்கும் உன்ற கணக்குதான் ஓடுச்சு. அன்னாசியும் கிராம்பும் பின்னால சேந்துச்சு. என்ற பேரன் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு இருந்தவன், நீ பலாவுக்கு எழுதினதப் பாத்து அவனே எழுதிச் சேத்துட்டான்."

"அப்படிங்களா?"

"ஒரு நாளும் தொந்தரவு குடுக்கலை கண்ணு. அதுனாலதான் உன்னையக் கூப்பிடோணும்னே தோணலை."

முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். மனதாரப் பாராட்டுகிறார். "ரொம்பச் சந்தோஷமுங்க பாய், நான் வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு போகிற வழியில்தான் சென்டர், மண்டி, எங்கள் பழைய தெரு எல்லாம். சென்டர் இருந்த மாடியை இடித்துவிட்டார்கள். மண்டி இருந்த இடத்தில் ஷட்டர் இறக்கிய நாலு கடைகள்; மிளகு வாசனையும் இல்லை, பலா வாசனையும் இல்லை. துண்டைப் போட்டு விரல் பிடிக்கும் ஆளும் இல்லை. மளிகைக் கடையில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். ஃபோன் வைத்திருந்த மரப்பலகை மட்டும் சுவரில் இன்னும் இருக்கிறது, அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டில். அங்கிருந்து எனக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை. அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தேன்.