பகல் கரண்டும் பத்துமலையின் சேவலும்

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் தையல்காரி நவமணி வீட்டுச் சுவரில் முனி குடியேறிவிட்டது என்று, 1982 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு பேச்சு கிளம்பியது. நட்டநடுப் பகலில் அவள் புருஷன் பத்துமலையை அறைந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசியதாம். நாகூர் மீரான் சாப்பாட்டுக் கடையில் காலையில் ஒரு அறையாக இருந்தது, மதியத்துக்குள் மூன்றாகிவிட்டது. மாலைத் தேநீருக்குள் முனிக்கு மீசையும் முளைத்துவிட்டது.

விசாரித்ததில் அறை விழுந்தது உண்மைதான். ஒரே ஒரு அறை. அடித்தது யார் என்பதில்தான் தகராறு.

நவமணி கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருஷம் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, "இனிமே இந்தக் கை உளி தூக்காது, ஊசிதான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஈப்போவுக்கு வந்தாள். ஐந்து வருஷம் காலால் மிதித்தே தைத்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடைக்காரர் முப்பது ரவிக்கை கொடுத்திருந்தார். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்குள் முடித்தால் வருஷம் முழுக்க வேலை. முடியாவிட்டால் வேறு கை பார்த்துக்கொள்வார். மிதித்தால் ஆகாது என்று தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கினாள். மோட்டாரின் பிளக்குக்கு மூன்று சதுரக் கால். சுவரில் இருந்ததோ வெள்ளைக்காரன் காலத்து வட்ட ஓட்டைகள்.

சாக்கெட்டை மாற்றக் கூப்பிட்டதற்கு வயர்மேன் சொன்னான்: "தீவாளி கழிச்சு வாரேங்கா."

"தீவாளி கழிச்சு ரவிக்க தச்சா யாருடா போடுவா? நானா?"

அன்றே புதுச் சாக்கெட்டும் கரண்டு பார்க்கிற டெஸ்ட் பேனாவும் வாங்கி வந்தாள். வந்த வேகத்தில் பத்துமலைக்கு ஆண்மை விழித்துக்கொண்டது.

"பொம்பள கரண்டுல கை வைக்கிறதாவது! கொண்டா திருப்புளிய."

"மெயின அடைச்சிட்டீங்களா?"

"பட்டப்பகல்ல எதுக்கு புள்ள? எல்லாம் தெரியும்லா!"

அவனுக்குத் தெரிந்தது தோட்டத்துக் கரண்டு. அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு இஞ்சின் ஓடினால்தான் லயத்து வீடுகளில் விளக்கு எரியும், பத்து மணிக்கு அணைந்துவிடும். பகலில் கம்பி வெறும் கொடிக்கயிறு. அந்தப் பாடம் முப்பது வருஷமாக அவன் உடம்பில் ஊறியிருந்தது. அவன் தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை. திருப்புளி கம்பியைத் தொட்டது.

"முனியாண்டி! ஒரு சேவல் அறுக்கிறேன்பா, விட்டுடு!" என்ற அலறல் மட்டும் பக்கத்து வீட்டுக் காளியம்மா காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காளியம்மாவின் சொந்தத் தயாரிப்பு.

மறுநாள் பத்துமலை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சட்டம் போட்டான். காளியம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி வழிமொழிந்தாள். "வேணாம் நவமணி, அது கோவக்கார முனி."

"முனி வந்து முப்பது ரவிக்க தச்சுத் தருமாக்கா?"

அவன் வேலைக்குப் போனதும் நவமணி டெஸ்ட் பேனாவைப் பழைய ஓட்டையில் குத்தினாள். சிவப்பாக எரிந்தது. மெயினை அடைத்தாள், காற்றாடி நின்றது. திரும்பக் குத்திப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று வயரும் ஒரே அழுக்கு நிறம். எது எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, பிரிக்குமுன்பே ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் பச்சை என்று முடிச்சுப் போட்டாள். தையல்காரிக்கு நூலா பஞ்சம்? சாக்கெட் உட்காருகிற சுவர்க் கட்டைதான் வம்பு செய்தது. புதுச் சாக்கெட் பின்பக்கம் தடிமன், உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கட்டையை முறைத்தாள். பிறகு பெட்டியடியிலிருந்து பழைய பால்வெட்டு உளியை எடுத்தாள். இனித் தூக்காது என்ற கை, பட்டை சீவுகிற லாவகத்தில் கட்டையைக் குடைந்தது. நூலும் திருகாணியும் சரிதானா என்று இரண்டு தடவை பார்த்து முறுக்கினாள்.

மெயினைத் திறந்தாள். வெடிக்கவில்லை. பிளக்கைச் செருகிக் கால் வைத்ததும் மெஷின் அலறிக்கொண்டு ஓடியது. வேலிக்கு மேலிருந்த தலை சட்டென்று மறைந்தது.

வெள்ளிக்கிழமை கடை சாத்துமுன் முப்பது ரவிக்கையும் போய்ச் சேர்ந்தன. அந்த வருஷம் முடிவதற்குள் அந்த வரிசையில் நான்கு வீட்டுச் சுவர்களில் நவமணி கையால் நூல் முடிச்சும் புதுச் சாக்கெட்டும் ஏறின. நாலாவது வீடு காளியம்மாவுடையது.

தீராதது சேவல்தான். பத்துமலை சொன்ன சொல் தவறாமல் ஒன்று வாங்கி வந்துவிட்டான். நவமணி அறுக்க விடவில்லை.

"அடிச்சது கரண்டு. கரண்டு ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய் அறுங்க."

"வேண்டிக்கிட்டது முனிகிட்டல்ல புள்ள?"

"அடிக்காத முனிக்கு எதுக்குச் சேவல்?"

வேண்டுதலை வாபஸ் வாங்குகிற தைரியம் பத்துமலைக்கு இல்லை. வருஷம் இரண்டு ஆகிவிட்டது. சேவல் கொழுத்து, மெயின் பெட்டிக்குக் கீழேயே இடம் பிடித்துக்கொண்டது. நவமணி சுவிட்சை அடைக்கப் போனால் முறைத்துக்கொண்டு எழுந்து வழிவிடுகிறது.