ஆத்தடிப் புத்தகத்தில் செலீன்

விடியற்காலை நாலரைக்கு எழும்புவதைப் பற்றி செபஸ்தியாம்பிள்ளை யாரிடமும் முறைப்பட்டது கிடையாது. முறைப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மொன்றியலின் லாசாலில் ஏழெட்டுத் தெருக்களில் சிதறிக் கிடக்கிற பன்னிரண்டு பேரை ஒவ்வொரு வாசலாக நின்று பொறுக்கி, மெர்சியே பாலத்து நெரிசலைத் தாண்டி, ஆற்றோரமாக ஒரு மணித்தியாலம் வான் ஓட்டி, மரக்கறிக் கொட்டகையில் இறக்கிவிட வேண்டும். பிறகு அவரும் இறங்கி, அவர்களோடு நின்று அதே முட்டைக்கோவாவைத்தான் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். பின்னேரம் அதே பன்னிரண்டு பேர், அதே பாலம், அதே நெரிசல். அறுபத்துமூன்று வயதில், இருபத்துநாலாவது வருடமாக, இரண்டு முழங்காலும் போதும் போதும் என்று கெஞ்சுகிற நிலையில் இதைச் செய்துகொண்டிருந்தார்.

கொட்டகை இருக்கிற ஊருக்கு ஒரு புனிதையின் பெயர். வாய்க்குள் அடங்காத நீளம். அதனால் வானில் எல்லோரும் ஆத்தடி என்றே சொல்வார்கள். முதலில் ஸ்கொட்லாந்துக்காரர் வந்து ஆற்றின் நீளத்துக்குக் காணிகளை அளந்து இலக்கம் போட்டார்கள். பின்னால் பசி பட்டினியோடு ஐரிஷ்காரர் வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கோயில் கட்டினார்கள். ஒல்லாந்துக்காரர் வந்து கோவா போட்டார்கள். இப்போது கோடைக்குக் குவாத்தமாலாக்காரர் வருகிறார்கள். தமிழர் காலையில் வந்து மாலையில் போகிறார்கள். பனிக்கட்டி அடைத்து ஆறு பெருகிய வருடங்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோயில் சுவரில் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளில் நாலு, செபஸ்தியாம்பிள்ளை கண்ணால் கண்ட வெள்ளங்கள். ஆனாலும் ஒரு இரவுகூட அவர் அந்த ஊரில் படுத்ததில்லை.

அவருடைய மனைவி செலீன் பத்தொன்பது வருடம் அதே கொட்டகையில் வேலை செய்தவள். வானில் முன் இருக்கை அவளுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னர், தை மாதக் குளிரில், நியூமோனியா என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்த இருக்கையில் யாரும் ஏறவில்லை. யாரும் சொல்லி வைத்ததல்ல, தானாக அப்படி ஆகிவிட்டது. சோற்றுப் பையைக்கூட அதில் வைக்க முடியாது; ஆள் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று வான் கத்தத் தொடங்கிவிடும். அந்தப் பழைய வானில் ஒழுங்காக வேலை செய்கிற சாமான் அது ஒன்றுதான்.

போன வருடம் மதாம் ஜிஸ்லேன் கொட்டகைக்கு வந்தார். எண்பது வயது. ஊர் தொடங்கி இருநூறு வருடம் ஆவதால் வரலாற்றுப் புத்தகம் போடுகிற குழுவுக்கு அவர்தான் செயலாளர். காணி இலக்கப்படி, ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கமாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்.

"பதினேழாம் காணியில் உங்கள் ஆட்கள் இருபது வருடத்துக்கு மேலாக உழைக்கிறீர்கள். நீங்களும் புத்தகத்தில் வரவேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி எழுதித் தாருங்கள், மிஸ்யூ செபஸ்தியான்" என்றார்.

செபஸ்தியாம்பிள்ளைக்கு உடனே நெஞ்சுக்குள் வந்தது ஒன்றே ஒன்று. செலீனின் பெயர் அந்தப் புத்தகத்தில் வரவேண்டும். அவள் செத்தபோது ஆத்தடியில் ஒரு குருவிக்கும் தெரியாது. பத்தொன்பது வருடம் குனிந்து நிமிர்ந்தவள் இல்லாமல் போனதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வானில் விஷயத்தைச் சொன்னதும் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. திருகோணமலைச் சுபாஸ்கரன், வாய் மூடத் தெரியாதவன், பின்னாலிருந்து கத்தினான்: "அண்ணை, என்ர படத்தைப் பெரிசாப் போடச் சொல்லுங்கோ. கோவா மறைக்கப்படாது!" மட்டக்களப்பு அருளம்மாவுக்கு வேறு கவலை. "தம்பி, என்ட அப்பாட பேரையும் போடுங்க. ஒரு ஆளையும் விட்டுராதீங்க. விட்டா பிறகு சொந்தக்காரரோட கதைகாரியம் இல்லாமப் போயிரும்."

எழுத உட்கார்ந்தபோதுதான் வினை தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒருவருடைய வாழ்க்கையை முழுதாக எழுத்தில் எழுதுவது அவர் கண்ணை மூடிய பிறகுதான். உயிரோடு இருக்கிறவனைப் பற்றி நாலு வரி எழுது என்றால் யாருக்கு வரும்? செபஸ்தியாம்பிள்ளைக்குக் கைவந்த நடை ஒன்றுதான்: மரண அறிவித்தல். எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் அவரைக் கூப்பிட்டுத்தான் எழுதுவிப்பார்கள். ஒரு உறவு விடுபடாது. அவரும் பேனையை எடுத்து, மட்டக்களப்பைப் பிறப்பிடமாகவும், மொன்றியல் லாசாலை வதிவிடமாகவும் கொண்ட அருளம்மா அவர்கள், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று சரசரவென இழுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு பேருக்கும் அப்படியே. தனக்கும் அப்படியே எழுதினார். 'செலீனின் பாசமிகு கணவரும்' என்ற இடத்தில், பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்க வேண்டும். கை போடவில்லை.

செலீனுக்கு மட்டும் அந்த நடை வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளுக்கு எழுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரி வரவேற்பறையில், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், பிறந்த திகதியும் இறந்த திகதியும் போட்டு எழுதியதை இன்னொருமுறை எழுத அவருக்குத் தைரியம் இல்லை. ஆகவே வாயில் வந்ததை எழுதினார். 'செலீனுக்குக் கோவாவைக் கையில் எடுத்தாலே நிறை தெரியும். தராசு பிழை சொல்லும், அவள் சொல்லமாட்டாள். ஆற்றில் பனிக்கட்டி உடைந்த நாளிலிருந்து மத்தியானச் சோற்றைக் கரையில் இருந்துதான் சாப்பிடுவாள். மீன் வாசம் வருகிறது என்பாள். எங்கள் ஒருவருக்கும் வராது.' அவ்வளவுதான். ஆற்றங்கரையில் சோற்றுப் பெட்டியோடு சிரிக்கிற படத்தையும் கூட வைத்தார். மற்றப் பன்னிரண்டு பேரும் அவரும் கொடுத்தவை பாஸ்போர்ட் படங்கள், குற்றவாளிகள் போல முறைத்துக்கொண்டு.

மகள் றெபேக்கா கார்தரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். சின்னதுகள் மத்தியானத்தில் தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரெஞ்சில் மாற்றினாள். அப்பா எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்; மறுபேச்சுப் பேசவில்லை. தாயின் துண்டில் மட்டும் நின்றாள்.

"அப்பா, அம்மான்ர துண்டில திகதி ஒண்டும் இல்லையே. மறந்திட்டீங்களோ?"

"மறக்கேல்லை. இருக்கிறதை இருக்கிறபடி மாத்து, பிள்ளை."

அவள் தகப்பனுடைய முகத்தைப் பார்த்தாள். மாற்றி முடித்ததும் எல்லாவற்றையும் தபாலில் மதாமுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆத்தடிக் கோயில் மண்டபத்தில் வெளியீடு என்று கொட்டகை வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வானில் சேலைகளும் கோட்டுகளும் நெருக்கிக்கொண்டு வந்தன. கிடைக்கிற ஒரே ஓய்வுநாளில் மறுபடியும் அதே பாதையில் ஓட்ட செபஸ்தியாம்பிள்ளைக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் பெயரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அலுப்பை இழுத்துக்கொண்டு போனது.

அவர்கள் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மதாம் ஜிஸ்லேன் கையிலிருந்த கேக் தட்டை மேசையில் போட்டார். அருளம்மாவின் கையைப் பிடித்து, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர் போலத் தடவினார். விஷயம் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் விளங்கியது. கடைசிப் பக்கங்களில், 'எம்மை விட்டுப் பிரிந்தவர்கள்' என்ற தலைப்பின் கீழே, கறுத்தக் கோடு போட்ட கட்டங்களுக்குள், பதின்மூன்று பேரும் வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னாரின் மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று வாசித்தால் அந்தக் குழுவிலிருந்த நாலு கிழங்களும் வேறென்ன நினைப்பார்கள்? கொரோனா ஒரேயடியாக வாரிக்கொண்டு போய்விட்டதாக்கும் என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். போன கார்த்திகையில் சகல ஆத்துமாக்கள் தினத்தன்று பதின்மூன்று பேருடைய பெயரையும் வாசித்துப் பூசையும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இவர்கள் அரைக் கிலோமீற்றர் தள்ளிக் கரட் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, எனக்குப் பூசை வைச்சவங்களாம்! பேந்தும் நான் நாளைக்கு வேலைக்கு வரவேணுமோ?" என்றான் சுபாஸ்கரன்.

அருளம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதென்ன அநியாயம் தம்பி? நான் இன்னும் சாகல்லயே. உசிரோட இரிக்கிற ஆளுக்குக் கறுத்தக் கோடா? உடனே மாத்தச் சொல்லுங்க."

செபஸ்தியாம்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிழை தன்னுடையதென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் காது கேட்டுக்கொண்டிருக்க, விரல் பக்கங்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போனது. கறுத்தக் கட்டங்களுக்குள் செலீன் இல்லை. விட்டுவிட்டார்களோ என்று இன்னும் வேகமாகப் புரட்டினார். பதினேழாம் காணியின் பக்கத்தைக் கண்டதும் நின்றார்.

முழுப் பக்கத்துக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆறு. கறுத்தக் கோடு இல்லை, சிலுவை இல்லை, திகதி இல்லை. தலைப்பு: 'இன்று எம்மோடு வாழ்பவர்கள்.' வாசித்துப் பார்த்தால் நாளைக் காலை வேலைக்கு வரப்போகிறவள் மாதிரித்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தின்படி செத்தது அவர். அவருக்காக அழுது தீர்த்துவிட்டு, ஆற்றங்கரையில் இருந்து சோறு சாப்பிடுகிறவள் அவள். அப்படியே நடந்திருக்கலாம் என்று இரண்டு வருடமாக அவர் யாருக்கும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்ததை, இந்த ஊர் அச்சில் போட்டுத் தந்திருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மதாம் ஜிஸ்லேன் மூக்குக்கண்ணாடியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திருத்தத் துண்டு அச்சடித்து எல்லாப் புத்தகத்திலும் ஒட்டுவதாகச் சொன்னார். ஒவ்வொரு பெயராக வாசித்து, உயிரோடா, உயிரோடா என்று கேட்டுக் கேட்டு அடையாளம் போட்டார். பதின்மூன்றும் முடிந்தது. பிறகு பதினேழாம் காணியின் பக்கத்தைத் திருப்பினார்.

"இது ஒன்றாவது சரியாக வந்திருக்கிறதே. மதாம் செலீன் ஏன் இன்றைக்கு வரவில்லை?"

பென்சில் படத்துக்கு மேலே நின்றது. அருளம்மாவும் சுபாஸ்கரனும் பின்னால் நின்றார்கள். ஒரு சொல்லுத்தான். சொன்னால் பென்சில் கீறும், செலீனும் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாள். செபஸ்தியாம்பிள்ளை பொய் சொல்லிப் பழகாதவர். கொட்டகையில் படித்த உடைந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"அவ களைச்சுப் போனா, மதாம். படுத்திருக்கிறா."

"பாவம். நாங்கள் எல்லோரும்தான் களைத்துப் போனோம். நன்றாகத் தூங்கட்டும்" என்று சொல்லி, மதாம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். சுபாஸ்கரன் வாயைத் திறந்தான். அருளம்மா அவனுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் திரும்ப மூடிக்கொண்டான்.

திரும்புவதற்கு எல்லோரும் வானில் ஏறினார்கள். செபஸ்தியாம்பிள்ளை புத்தகத்தை முன் இருக்கையில் வைத்துவிட்டு வானை எடுத்தார். இருநூறு வருடத்துப் புத்தகம், நல்ல பாரம். கோயில் மதிலைத் தாண்டவில்லை, வான் கத்தத் தொடங்கியது. புத்தகத்தை எடுத்துத் தாருங்கோ என்று பின்னாலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஆற்றோரமாக வானை நிறுத்தினார். முழங்கால் நோக எட்டிச் சரிந்து, பெல்ட்டை இழுத்து, புத்தகத்துக்கு மேலாகப் போட்டுக் கொளுவினார். சத்தம் நின்றது.