தேதி தாண்டிய புரோட்டீன் பவுடரும் நான் கேட்காமல் விட்டதும்

தேதி முடிந்து ஒரு மாதம் ஆன புரோட்டீன் பவுடரைச் சாப்பிடலாமா? பி.ஃபார்ம் படித்துவிட்டு எட்டு வருடமாகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. விற்கக் கூடாது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் கேட்டால் என்ன சொல்வது? நான் ஒருமுறை ஒரு பதில் சொன்னேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். எழுதுவது சரிதானா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு.

எக்ஸ்பைரி பெட்டி

எங்கள் கடையில் மாதக் கடைசியில் ஷெல்ஃப் முழுக்கத் தேதி பார்ப்போம். மூன்று மாதத்துக்குள் முடியப்போகிறவை ஷார்ட் எக்ஸ்பைரி. ரப்பர் பேண்ட் போட்டு முன்வரிசைக்கு வரும். முடிந்துவிட்டவை கவுன்ட்டருக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டிக்குப் போகும். பெட்டியின் மேல் சிவப்பு மார்க்கரில் 'எக்ஸ்பைரி' என்று எழுதியிருக்கும். மொத்த விற்பனைக்காரரின் ஆள் வந்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வார். நசுங்கிய டின், லேபிள் கிழிந்த டின் என்றால் வேண்டாம் என்று விட்டுவிடுவார். அவற்றைத் திறந்து கொட்டி அழித்துவிட வேண்டும். சில டின்கள் அழியாமல் எங்கள் கைப்பைகளுக்குள் போகும். முதலாளிக்கும் தெரியும். அவரை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். பால் கொடுக்கிற உடம்பு, பதினோரு மணிக்கெல்லாம் பசி காதை அடைக்கும். என்னோடு கவுன்ட்டரில் நிற்கும் தேவி அக்கா ஒருநாள் பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்து என் பையில் திணித்தார். பிரசவித்தவர்களுக்கான புரோட்டீன் பவுடர்.

"எடுத்துட்டுப் போ. சீல்கூட உடையல."

"தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆவுதுக்கா."

"பவுடருக்கு இன்னா தெரியும் தேதி? உள்ள காலண்டரா மாட்டி வச்சிக்கீறாங்க?"

வீட்டில் சீலைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். கட்டி இல்லை, கசப்பில்லை, நாற்றமில்லை. படித்ததையும் நினைவுபடுத்திக்கொண்டேன். ஈரமில்லாத பவுடரில் கிருமி சுலபத்தில் பெருகாது. தேதி தாண்டினால் வைட்டமின் குறையும், புரோட்டீனின் தரம் மெல்லக் குறையும், கொழுப்பு இருந்தால் சிக்கு வாடை வரும். அந்த டின் தீரும்வரை பாலில் கலந்து குடித்தேன். அந்த நாட்களில் மகள் ஒருமுறை கூடுதலாக வெளிக்குப் போனாலும் டின்னைத் திறந்து மறுபடி முகர்ந்து பார்ப்பேன். கடைசிவரை அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. ஒன்றும் ஆகவில்லை என்பது என் மனதில் பாடமாகப் பதிந்துவிட்டது.

போன்

விமலா ஆன்ட்டி எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஃபிளாட். கணவருக்குக் குடலில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருந்தது. எடை இறங்கிக்கொண்டே வந்ததால் டாக்டர் தினமும் இரண்டு வேளை புரோட்டீன் பவுடர் எழுதியிருந்தார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்றும் சொல்லியிருந்தார்.

அது மழை வாரம். வேளச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர், சரக்கு வண்டி வரவில்லை. கவுன்ட்டரில் ஆறேழு பேர் நிற்கும்போது ஆன்ட்டி போன் செய்தார்.

"பவுடர் வந்துச்சாம்மா?"

"இன்னும் வரல ஆன்ட்டி. நாளன்னைக்கு வந்துடும்."

"பக்கத்துக் கடையிலயும் இல்லங்கறான். வீட்ல கொஞ்சம் இருக்கு, ஆனா போன மாசத்தோட தேதி முடிஞ்சிருக்கு. குடுக்கலாமா? இவரு நேத்துலருந்து ஒரு இட்லிக்கு மேல தொடல. அஞ்சு நாள்ல கீமோ."

"கட்டி கட்டியா இருக்கா? வாடை ஏதாவது?"

பாத்திரச் சத்தம் கேட்டது. திறந்து பார்த்திருக்க வேண்டும். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"அப்படின்னா ரெண்டு நாளைக்குக் குடுங்க ஆன்ட்டி. ஒண்ணும் ஆகாது."

போனை வைத்ததும் முதலாளி கேட்டார். "யாருக்கு என்ன சொன்ன?"

சொன்னேன்.

"கீமோ பேஷன்ட்டுக்கா? டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லியிருக்கணும்."

"ஒரு மாசம்தானேண்ணா. பவுடர் நல்லாதான் இருக்காம்."

"நீ பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்தது. எக்ஸ்பைரி பெட்டியைப் பார்த்தும் பார்க்காதவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று நினைத்தேன். திரும்பப் போன் செய்திருக்கலாம். அடுத்தவர் சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆன்ட்டியின் கணவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது. அவர் டிஸ்சார்ஜ் ஆனபிறகு மருந்துச் சீட்டோடு ஆன்ட்டி கடைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

டப்பா

அந்தச் சீட்டில் இருந்த ஒரு மாத்திரை அன்று ஸ்டாக் இல்லை. அது வந்ததும், என் வார விடுமுறையில் அதை நானே எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

அங்கிள் ஹாலில் கட்டிலில் படுத்திருந்தார். என் மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் சமையலறைக்குப் போய், "அந்தப் பவுடர் டின்னைக் கொஞ்சம் காட்டுங்க ஆன்ட்டி" என்றேன்.

அவர் எடுத்து வந்தது டின் இல்லை, எவர்சில்வர் டப்பா. மூடியில் அட்டையிலிருந்து தேதி இருக்கும் துண்டை மட்டும் வெட்டி செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார். வரிசையில் இருந்த எல்லா டப்பாவிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தது. ரவை, ஓட்ஸ், காபித் தூள் எல்லாவற்றிலும்.

"அட்டைப்பெட்டியில வச்சா எறும்பு வருது. ரீஃபில் வாங்கியாந்ததும் இதுல கொட்டிடுவேன்."

"பழசு தீர்ந்ததும் கழுவிட்டா ஆன்ட்டி?"

"தீர்ற வரைக்கும் எங்க விடுறது? மேலயே கொட்டிக்குவேன். புதுத் தேதியை ஒட்டிடுவேன்."

ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே, ஏறக்குறைய ஒரு வருடமாக, அந்த டப்பா காலியாகவே இல்லை. மூடியில் இருந்தது கடைசியாகக் கொட்டிய பாக்கெட்டின் தேதி. ஒரு கரண்டி வாங்கி அடியில் தட்டிப் பார்த்தேன். தட்டு மாதிரி இறுகிய மஞ்சள் படலம். பெயர்த்து முகர்ந்தேன், பழைய எண்ணெய் வாடை.

நான் போனில் கேட்டபோது அவர் மேலாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யில்லை. மேலே இருந்தது நன்றாகத்தான் இருந்திருக்கும். புதுப் பாக்கெட் வராததால் அந்த இரண்டு நாளும் அடியில் இருந்ததைச் சுரண்டி, கட்டிகளைக் கரண்டியால் நசுக்கிக் கலந்திருக்கிறார். கரண்டியைக் கழுவி உதறிவிட்டு அப்படியே உள்ளே போடுவது அவர் வழக்கம்.

என் மகள் டப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள். வலிக்கும் அளவுக்கு அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் அழுதாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு ஆன்ட்டி?"

"இதுதான்னு சொல்ல முடியாதுன்னாரு. கீழ தண்ணி சம்ப்புல மழைத்தண்ணி கலந்துடுச்சு, மாடி வீட்ல ரெண்டு பேருக்கு இதே மாதிரி வயித்தால போச்சு. ஆனா எனக்குத் தெரியும்மா. ஈரக் கரண்டி. சுரண்டிக் குடுத்தது நான். நீ நல்லாருக்கான்னு கேட்டே. நான்தான் சரியா பாக்கல."

ஹாலிலிருந்து அங்கிள் குரல் கொடுத்தார். "முப்பது வருஷம் உன் சாம்பாரையே தாங்கின வயிறு. பவுடரா பண்ணிடும்?"

ஆன்ட்டி சிரிக்கவில்லை. நான் மகளைச் சமாதானம் செய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

இப்போது

இப்போது யாராவது கேட்டால் தேதியைக் கடைசியில்தான் கேட்கிறேன். சாப்பிடப்போவது யார் என்பது முதல் கேள்வி. நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுப்பவர், குழந்தை, வயதானவர் என்றால் வேண்டாம், புதிது வாங்குங்கள், அதுவரை என்ன கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன். மற்றவர்களிடம் எப்போது பிரித்தது, எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, மேலே மேலே கொட்டினீர்களா, கரண்டி ஈரமா என்று கேட்கிறேன். அட்டையில் இருக்கும் தேதி, சொன்னபடி வைத்திருந்த பிரிக்காத டின்னுக்கானது. அதைப் பிரித்து நம் டப்பாவில் கொட்டிய பிறகு அந்தத் தேதியை நம்பிப் பயனில்லை. நான் சாப்பிட்ட டின்னும் ஆன்ட்டியின் டப்பாவும் ஒன்றில்லை என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

எக்ஸ்பைரி பெட்டியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. "டிகிரி இப்பதான் தலைக்கு ஏறிக்கீது" என்கிறார் தேவி அக்கா. சொல்லட்டும்.

அங்கிளுக்கு கீமோ மறுபடி தொடங்கிவிட்டது. அந்த வாரத்தில் இறங்கிய எடை இன்னும் முழுதாக ஏறவில்லை. ஆன்ட்டி மாதாமாதம் புது டின் வாங்குகிறார். வாங்கிய கையோடு கவுன்ட்டரிலேயே என்னிடம் திருப்பி நீட்டி, "நல்லாருக்கான்னு பாத்து சொல்லும்மா" என்கிறார். சீல் பிரிக்காத டின். நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்கிறேன். அப்புறம்தான் பைக்குள் வைக்கிறார். தன் கண்ணை அவர் இப்போது நம்புவதில்லை, என்னை நம்புகிறார்.

தவறு என்னுடையதும்தான், அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஒண்ணும் ஆகாது என்றது நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். சொன்னால் அவர் பாரம் கொஞ்சம் இறங்கலாம். இல்லை, கேட்பதற்கு இருக்கும் ஒரே ஆளையும் இழந்துவிட்டோம் என்று தவித்துப்போகலாம். வைத்தியம் நடக்கும்போது சொல்லலாமா, முடியும்வரை பொறுக்கலாமா? பொறுப்பது அவருக்காகவா, எனக்காகவா என்றும் தெரியவில்லை. கவுன்ட்டரில் நின்றவர்களும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களும் இதைப் படித்தால், நான் அவரிடம் சொல்ல வேண்டுமா, எப்படித் தொடங்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.