ஐயாவு வாத்தியாரின் கருப்பட்டி

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஐயாவு வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். வாத்தியார் என்றதும் பெரிய படிப்பாளி என்று எண்ணிவிட வேண்டாம். பால் பல் விழுமுன்னே பால்வாளி தூக்கியவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அங்கே அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட நாளெல்லாம் அவர் பேருக்கு இவர்தான் போய் நிற்பார். தோட்டத்தில் அது வழக்கம். படுத்துக் கிடப்பவன் பேருக்கு வீட்டில் இன்னொருவர் நின்று மரம் வெட்டலாம். கங்காணி கண்டுகொள்ள மாட்டார். பால் வந்தால் சரி, யார் முதுகு ஒடிந்தால் அவருக்கென்ன!

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஓரமாய் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார் ஐயாவு. தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தபோது துரைக்கு மலிவாகக் கிடைத்த வாத்தியார் அவர்தான். ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கூடத்தில் சாக்கு விரித்துப் பள்ளிக்கூடம் நடந்தது.

இருபத்தாறாம் வருஷ வாக்கில் ஈப்போவில் தோட்ட வாத்தியார்களுக்கென்று பயிற்சிக் கல்லூரி ஒன்று தொடங்கினார்கள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. வெள்ளி சாயங்காலமே ஐயாவு ரயில் ஏறிவிடுவார். மீசை நரைத்தவர்களெல்லாம் அங்கே மாணவர்கள். தங்களுக்குள் ஒரு மாணவர் சங்கமும் வைத்துக்கொண்டார்கள். வகுப்பை நடத்திய யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு கறாரான மனிதர்.

"பிள்ளையள் ஏன் பள்ளிக்கு வருகினமில்லை எண்டு ஒவ்வொருத்தரும் ஆராய்ந்து சங்கத்திலே சொல்ல வேணும். சும்மா தலையாட்டிப்போட்டுப் போக இது கல்யாண வீடில்லை" என்றார்.

ஐயாவுக்கு ஆராய்ச்சி என்ற சொல்லே புதிது. ஆனாலும் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயம் லயமாய் ஏறி இறங்கிக் கேட்டார். கிடைத்த பதில் ஒன்றுதான்: கொயினா. மலைக்காய்ச்சல் தோட்டத்தையே வாரிக்கொண்டு போன காலம் அது. பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கொயினா மாத்திரை கொடுக்கவேண்டும் என்பது துரை உத்தரவு. அந்தக் கசப்புக்குப் பயந்தே பிள்ளைகள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடி ஒளிந்தன.

ஐயாவு ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினால் ஒரு துண்டு கருப்பட்டி. விழுங்கியதாய் ஏமாற்றிக் கருப்பட்டியை மட்டும் அமுக்கிய பயல்களும் இருந்தார்கள். அதனால் தினமும் பாடம்போல் சொல்லிக்கொடுத்தார்: "மருந்தை முழுங்காம கருப்பட்டி தின்னா அது திருட்டு. தெரியுதா?"

"தெரியுதுங்க வாத்தியாரய்யா!" என்று பள்ளிக்கூடமே கத்தும். எல்லாரையும்விட உரக்கக் கத்துபவள் செல்லாயி. பால் வெட்டும் கருப்பம்மாளின் மகள், ஆறு வயசு இருக்கும். பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். அவள் பாடும்போது ஐயாவு பிரம்பைக் கீழே வைத்துவிடுவார்.

புகைக்கூடம் நிரம்பி வழிந்தது. ஈப்போவில் ஐயாவு எழுந்து இதைச் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பத்துகாஜா ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த உடையப்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, திங்கக்கெழமையே எங்க தோட்டத்திலயும் ஆரம்பிச்சிடுறேன்லா!"

அவர் அங்கே கைதட்டு வாங்கிக்கொண்டிருந்த அதே சனிக்கிழமை, தோட்டத்தில் மாத்திரை கொடுத்தவள் அவர் மனைவி மங்களம். அன்றைக்கு வந்த பிள்ளைகளே கொஞ்சம். செல்லாயியின் லயத்தில் அவள் தம்பி ராஜு முதற்கொண்டு சின்னதுகள் எல்லாம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தன. பாவம் பார்த்து, அத்தனை பேருக்கும் மாத்திரையும் கருப்பட்டியும் இலையில் மடித்துச் செல்லாயி கையில் கொடுத்து அனுப்பினாள் மங்களம்.

ஞாயிற்றுக்கிழமை ஐயாவு வந்து இறங்கியபோது செல்லாயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாந்தி நின்றிருந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "வண்டு கத்துது, வண்டு கத்துது" என்று அலறினாள்.

"யாரு கொடுத்தாலும் துப்பிடுச்சுங்க, இந்த ராஜுப்பயலும் மத்த சின்னதுகளும்" என்று கருப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கருப்பட்டிய மட்டும் தின்னுட்டுப் போயேண்டின்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கா. இந்தப் பாவி மக, அது திருட்டு, வாத்தியாரய்யா சொல்லியிருக்காருன்னு, ஒவ்வொருத்தன் பேருக்கும் ஒவ்வொரு மாத்திரையா இவளே முழுங்கிட்டாய்யா!"

பேருக்கு நிற்பது. அப்பா பேருக்கு நின்று வளர்ந்த ஐயாவுக்கு இது தோன்றாமல் போனதே! ஏமாற்றத் தெரிந்த பயல்களெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள். சொன்ன சொல்லை நம்பியவள் மாட்டிக்கொண்டாள்.

உயிர் தங்கியது. நாலைந்து நாளில் வண்டுச் சத்தம் நின்றது. அதோடு எல்லாச் சத்தமும் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவள் காதருகே தட்டை ஓங்கித் தட்டினார். அவள் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி வருமா வராதான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்று டிரஸ்ஸர் கைகழுவிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஐயாவு சங்கத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மெத்தச் சரி. இதை வெளியிலே சொல்ல வேண்டாம். கல்லூரிக்குப் பேர் கெட்டுப்போகும்" என்றார். ஐயாவு அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக உடையப்பனிடம் போனார்.

"நிறுத்திடு தம்பி. இன்னிக்கே போய் நிறுத்திடு."

உடையப்பன் வகுப்பு முடியுமுன்பே ரயிலுக்கு ஓடினான். அந்த மட்டுக்கும் ஐயாவுக்கு ஒரு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை பள்ளியில் பிள்ளைகளிடம் சொன்னார்: "இனிமே மாத்திரை டிரஸ்ஸர்தான் லயத்துக்கு வந்து குடுப்பாரு. இங்க மாத்திரையும் இல்ல, கருப்பட்டியும் இல்ல." பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தன.

செல்லாயி மட்டும் எழுந்து வந்தாள். வழக்கமாக வரிசை நிற்கும் இடத்தில் தனியாக நின்று வாயைத் திறந்தாள். ஐயாவு கையை ஆட்டி, இல்லை என்று சைகை காட்டினார். அவள் முகம் வாடியது. கோபமாயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தன் குரல் தனக்கே கேட்காததால் புகைக்கூடம் அதிரக் கத்தினாள்:

"இனிமே யாரு பேருக்கும் முழுங்க மாட்டேங்க வாத்தியாரய்யா! என் பேருக்கு மட்டும் குடுங்க!"