கொட்டகைக்குள் ஒரு விமானம்

வேங்கிக்காலில் எங்கள் கொட்டகையை வாடகைக்கு எடுத்த தாடிக்காரர் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். எதைப் பார்த்தாலும் வெடிகுண்டோ என்று பயந்த தொண்ணூறுகளின் காலம் அது. ஜன்னல் வழியே சிவப்பும் மஞ்சளுமாக ஒயர்களைப் பார்த்ததும் கதவைத் தட்டிவிட்டேன்.

உள்ளே இறக்கை மாட்டாத குட்டி விமானம் நின்றது.

"நானே கட்டறேங்க. இன்ஜின் சூடு ஜாஸ்தியானா இந்த ஒயர்தான் காட்டிக்குடுக்கும்" என்றார். மாட்டிய ஒயரை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்தார்.

"நீங்க மாட்டினதையே நம்ப மாட்டீங்களா?"

"மேல போயிட்டா இறங்கி வந்து பாக்க முடியாதுங்களே."

போலீசுக்குச் சொல்ல நினைத்திருந்தவன், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. கடைசிவரை என்னையும் அவர் நம்பவில்லை போலிருக்கிறது.