சண்முகவடிவின் சத்து மஃபின்

பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கத் தன்னைப் போல் பாடுபட்டவள் தாராவியிலேயே கிடையாது என்பது சண்முகவடிவின் கட்சி. பக்கத்து வீட்டு சுலைகா இதை மறுக்க மாட்டாள். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தினமும் காலையில் கேட்டவள் அவள்தானே.

பிள்ளை ஒன்றுதான். பெயர் ரோஷன், வயது எட்டு. உப்புமாவைத் தட்டில் வைத்தால் கடுகு பொறுக்குவான். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டு, அந்தக் களைப்பில் உப்புமாவை மறந்துவிடுவான். இட்லி புளிக்கும். தோசையில் ஓட்டை இருக்கும். முட்டை நாறும். அவன் மனமுவந்து தின்பது முனை பேக்கரியில் விற்கும் காரி பிஸ்கட் மட்டும்தான். பொரபொரவென்று அடுக்கடுக்காக உதிர்வது. அதைத் தோய்த்துத் தின்ன ஒரு கிளாஸ் டீ.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ரோஷனுக்கு எட்டரைதான் இருந்தது. தொண்ணூறு அடி ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சைனப் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, வகுப்பில் தூங்குகிறானா என்று கேட்டார். இரண்டும் உண்டு.

"டீ, காபி குடிக்கானா?"

"சே, சின்னப் புள்ளைக்கு யாராவது டீ குடுப்பாகளா டாக்டர்?" என்றாள் சண்முகவடிவு. பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. அவன் குடிப்பதில் பாதிக்குமேல் பால். பால் பாதிக்குமேல் இருந்தால் அது டீ ஆகாது என்பது அவள் கணக்கு.

டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சிரப் வீட்டுக்கு வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மூடி திறக்கப்படவில்லை.

"டாக்டர் சொன்னா குடுக்க வேண்டியதுதானட்டி" என்றான் கணவன் கணேசபாண்டியன். தோல் பை தைக்கும் பட்டறையில் மாஸ்டர். தையல் பிரிந்தால் பேசுவான், மற்ற விஷயங்களில் பேச்சு குறைவு.

"பல்லு கறுத்துப் போவும். சாப்பாட்டுலயே நான் ரத்தத்தை ஏத்திக் காட்டுதேன், பாருங்க."

பாட்டிலைத் திறந்தால் தன் கைச்சோறு தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு. போதாக்குறைக்கு வாஷியிலிருந்து நாத்தனார் பிரேமலதா போனில், "எங்க வீட்டுல மருந்தே கெடையாது வடிவு. எல்லாம் மஃபின்லயே குடுத்துருவேன்" என்று ஊதிவிட்டிருந்தாள். ஊதியதோடு நிற்காமல், கேக் சுடும் புது ஓவன் வாங்கிய தாராளத்தில் பழையதையும் கொடுத்தனுப்பினாள். கணேசபாண்டியன் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தான். ஏறியவர்கள் எல்லாம் அது டிவியா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டான்; சுருக்கமாக முடிந்தது.

ஓவன் பீரோவின் மேல் ஏறிக்கொண்டது. அது எரிந்தால் ஃபேன் சுற்றக்கூடாது. ஃபேன் சுற்றினால் மெயின் விழும். மஃபின் வெந்த நேரமெல்லாம் மூன்று பேரும் கூடவே வெந்தார்கள்.

முதல் மஃபின் கோதுமை மாவும் ராகியும் வெல்லமும். ரோஷன் மோந்து பார்த்து, "மம்மி, யே நஹி சாஹியே" என்றான்; இது வேண்டாமாம். அடுத்ததில் பேரீச்சம்பழம் சேர்ந்தது. அதற்கடுத்து முருங்கைக்கீரைப் பொடி. அவன் சேஃப்டி பின்னைக் கொண்டு பச்சையைத் தோண்டி எடுத்தான். சண்முகவடிவு சளைக்கவில்லை. எள்ளு, கொள்ளு, கறுப்பு உளுந்து என்று வீடியோவில் எவளாவது ஒருத்தி 'இரும்பு' என்று உச்சரித்த அத்தனையும் அதற்குள் இறங்கின. மஃபின் கறுத்தது, இறுகியது. ஒருநாள் கைதவறிக் கீழே விழுந்தபோது, "யாருக்கு அடிபட்டுது?" என்று சுவருக்கு அப்பாலிருந்து சுலைகா விசாரித்தாள்.

ஒரு காலையில் கோபத்தில் ரோஷன் வீசிய மஃபின் அப்பாவின் டீ கிளாஸில் போய் விழுந்தது. கணேசபாண்டியன் எடுப்பதற்குள் ஊறி, காரி பிஸ்கட் போல இளகிவிட்டது. ரோஷன் எட்டிப் பார்த்தான். ஸ்பூனால் ஒரு வாய் எடுத்தான். இன்னொரு வாய்.

சண்முகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மஃபினுக்கு ஒரு கிளாஸ் டீ. மஃபின் மேலும் இறுக, இரண்டு கிளாஸ். பிள்ளை தட்டைக் காலி செய்கிறான் என்ற செய்தி குழாயடிக்குப் போனது. அங்கிருந்து சந்து முழுக்கப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஓவனில் மஃபின் சுட மாவோடு பெண்கள் வந்தார்கள். சுலைகாவும் தன் மகள் ஆஸியாவுக்காக வந்தாள்.

"ராகியை வறுத்துப் போடணும். முருங்கைப் பொடியை அளந்து போடாதீக, அள்ளிப் போடுங்க" என்று சண்முகவடிவு பாடம் நடத்தினாள்.

"புள்ள முழுங்கணுமே வடிவு?"

"அதுக்குத்தான் டீ. நல்லா முக்கிக் குடுங்கக்கா. சொளுக்குன்னு உள்ள போயிரும்."

மூன்று மாதம் முடிந்தது. ரோஷனின் தலையைப் படிய வாரி, சட்டையைத் தேய்த்துப் போட்டு, பரிசு வாங்கப் போகிறவளைப் போல் கிளினிக்குக்குப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் சைனப் தாளைப் பார்த்தார், ரோஷனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எட்டு. குறைஞ்சிருக்கு. சிரப்பு குடுத்தீங்களா?"

"சாப்பாட்டுலயே குடுத்தேன் டாக்டர்" என்று தொடங்கி ராகியிலிருந்து கொள்ளு வரை ஒப்பித்தாள்.

"இவ்வளவையும் எப்படித் திங்கான்?"

"சாய்ல டுபாகே" என்றான் ரோஷன், டீயில் முக்குவதுபோல் கையை ஆட்டி. இரண்டு விரலை நீட்டி, "தோ க்ளாஸ்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இரும்பு உடம்புல ஒட்டாமப் பண்ணுறதுக்கு டீயை மாதிரி சாமான் வேற இல்ல. நீங்க போட்டதையெல்லாம் அதுவே பிடிச்சு வெளிய தள்ளிருக்கு."

"அது பால் டாக்டர். டீத்தூள் சும்மா கலருக்கு."

"பாலும் இரும்புக்கு ஆகாதும்மா. இனிமே டீயை நிறுத்துங்க. சிரப்பை எலுமிச்சம் தண்ணியோட குடுங்க. ஸ்ட்ராவுல குடிச்சா பல்லு கறுக்காது. இதுக்குமேல கொறஞ்சா ரத்தம் ஏத்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் ரோஷன் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். தினமும்தான் உட்காருவான். அடம் என்று நினைத்துத் தினமும் கையைப் பிடித்து இழுத்தவள், அன்று அவன் எழுந்திருக்கும்வரை காத்து நின்றாள்.

மறுநாள் காலை டீ இல்லாமல் மஃபின் வைத்தாள். ரோஷன் கடித்துப் பார்த்துவிட்டு அழுதான். "நடிக்காதலே" என்று அதட்டி, தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். இத்தனை நாளில் அவள் சும்மா தின்ற முதல் மஃபின் அது. கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நெஞ்சில் நின்றது. கணேசபாண்டியன் முதுகில் தட்டிவிட்டு, மிச்சத்தை வாயில் போட்டு மென்றான். வெகுநேரம் மென்றான்.

"ஏட்டி, பட்டறையில பையோட அடிக்குப் போடுத தோலு இதவிட மெத்துன்னு இருக்கும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விக்கல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சிரப்பை எடுத்துத் தேதி பார்த்து மூடியைத் திறந்தாள்.

டீ நிறுத்தம் வீட்டையே ஆட்டிவிட்டது. பிள்ளைக்கு எதிரில் குடிக்கக்கூடாது என்று கணேசபாண்டியன் பட்டறைக்குப் போய்க் குடித்தான். அவள் பாத்திரம் கழுவும் மோரி மூலையில் திரும்பி நின்று, களவாணியைப் போலக் குடித்தாள். ரோஷன் தலைவலி என்றான், படுத்துப் புரண்டான், பிறகு அடங்கினான். சிரப்பை மட்டும் தகராறில்லாமல் குடித்தான். ஆரஞ்சு வாசனை அடித்ததாம்.

குழாயடியில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுலைகாவின் ஆஸியாவும் டீயில் முக்கித்தானே தின்கிறாள். தோற்றேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அக்கா, டீயில முக்காதீக. என் மஃபின்ல உள்ள சத்தையெல்லாம் டீ தின்னுருதாம்."

"அப்ப எதுல முக்க?"

"முக்காம குடுங்க."

சுலைகா குடத்தை இறக்கி வைத்தாள். "நீ முதல்ல சொல்லும்போதே என் மாப்பிள்ளை கேட்டாக, 'இது திங்கதுக்கா, செவுரு பூசவா'ன்னு. உன் பேச்சைக் கேட்டுப் புள்ளைக்கு ரெண்டு கிளாஸ் டீ ஊத்துனேன். போ, ஒன் மஃபினும் நீயும்." அன்று சாயங்காலமே ஆஸியாவை டாக்டர் சைனப்பிடம் கூட்டிப்போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவோடு யாரும் வரவில்லை.

அடுத்த முறை ரோஷனின் ரத்தம் பத்தைத் தாண்டியது. படியில் அவன் உட்காரவில்லை. அவளுக்கு முன்னால் ஏறி நின்று, சீக்கிரம் வரச் சொல்லி, "ஜல்தி ஆ மம்மி" என்றான். டாக்டர் சிரப்பைத் தொடரச் சொன்னார். மஃபினைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ரத்தம் ஏற்றும் வேலையை சிரப் பாட்டில் பார்த்துக்கொண்டபின், அந்த வாரம் அவள் கனிந்த இரண்டு வாழைப்பழத்தைப் பிசைந்தாள். கோதுமை மாவு, முட்டை, கொஞ்சம் வெல்லம், எண்ணெய். வேறு ஒன்றும் போடவில்லை. மஃபின் உப்பி, மேலே வெடித்து வந்தது.

ரோஷன் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சேஃப்டி பின்னைத் தேடினான்.

"இதுல என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லலே."

"ஜூட்."

பொய் என்று சொல்லிவிட்டு, நம்பாமல் பிய்த்தான். இரண்டாக, நாலாக, பொடியாக உதிர்த்து விரலால் துழாவிப் பார்த்தான். பச்சை இல்லை, கறுப்பு இல்லை. முட்டை இருந்தது, அது அவன் கண்ணில் படவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. தேடியது கிடைக்காத ஏமாற்றத்தில் உதிர்த்த தூளை அள்ளித் தின்று முடித்துவிட்டு, தட்டை நீட்டினான்.

"இன்னொண்ணு குடு. அதையும் செக் பண்ணணும்."